ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஏரிக்கரையில் தங்கி, அவசரமில்லாமல் இயற்கையைப் பார்க்க எந்த இடம் நல்லது?

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனா, ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டா என்று கேட்டு, "ஒரு வாரம் ஒரே இடத்தில் தங்க வேண்டும், கார் ஓட்ட மாட்டோம், நடக்கத் தயார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள். ஸ்லோவேனியாவின் வடமேற்கில், யூலியன் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் போஹின் ஏரிக்குப் போங்கள். மியூனிக்கில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நான் போன இடம் அது.

ஸ்லோவேனியா என்றதும் எல்லோரும் ப்ளெட் ஏரிக்குத்தான் போவார்கள். நடுவில் தீவு, தீவில் தேவாலயம், படம் எடுத்தால் அழகாக வரும். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போஹினுக்கு அரை நாள் ஒதுக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். போஹினில் தங்கிக்கொண்டு, விருப்பம் இருந்தால் ப்ளெட்டை அரை நாளில் பார்த்துவிட்டு வாருங்கள். போஹின் ஏரி திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கரையில் நகரம் கிடையாது, மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை. மின்சாரப் படகு ஒன்று சத்தமில்லாமல் போய்வரும். நாட்டின் மிகப் பெரிய நிரந்தர இயற்கை ஏரி இதுதான் என்றாலும் நீளம் சுமார் 4 கிலோமீட்டர், அகலம் 1 கிலோமீட்டர், அவ்வளவே. சுற்றிவர 12 கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதல் நாளை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வடகரையில் காட்டுப்பாதை, தென்கரையில் சாலையை ஒட்டிய பாதை. வடகரையில் தொடங்கினால் நிழலும் அமைதியும் கிடைக்கும், வழியில் எங்கு வேண்டுமானாலும் இறங்கிக் குளிக்கலாம். ஆனால் நடுக்கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும்.

அடுத்து என்ன பார்ப்பது என்று பட்டியல் போட வேண்டாம். தண்ணீரைப் பின்தொடருங்கள் என்பதுதான் என் ஒரே யோசனை. இந்த மலைகள் சுண்ணாம்புக்கல். மேலே எவ்வளவு மழை பெய்தாலும் பெரும்பகுதி பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். திரிக்லாவ் ஏரிகள் பள்ளத்தாக்கில் கடைசியாக, காட்டுக்கு நடுவே ஒரு 'கறுப்பு ஏரி' இருக்கிறது. அதிலிருந்து வெளியே ஓடும் ஓடை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தண்ணீர் மலைக்குள் இறங்கி, கீழே செங்குத்தான பாறைச் சுவரின் நடுவில் குகையிலிருந்து பீறிட்டு விழுகிறது. 78 மீட்டர் உயரமுள்ள சவித்சா அருவி அதுதான். 500 படிகளுக்கு மேல் ஏற வேண்டும், நுழைவுக் கட்டணம் உண்டு. வெயில் நாளில் ஒருமுறை, நல்ல மழை விட்ட மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதே அருவிதானா என்று சந்தேகம் வரும். அருவியிலிருந்து ஓடும் ஆறு ஏரியின் மேற்கு முனையில் கலக்கிறது. கிழக்கு முனையில், பழைய பனியாறு விட்டுப்போன கல்மேடு அணைபோல நிற்பதால்தான் இங்கே ஏரி என்ற ஒன்றே இருக்கிறது. அங்கே புனித யோவான் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கல்பாலத்தில் நின்று கீழே பார்த்தால் மீன்கள் துல்லியமாகத் தெரியும். ஏரியின் முழுத் தண்ணீரும் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று முறை மாறிவிடுவதால்தான் இந்தத் தெளிவு. பாலத்துக்கு அடியில் வெளியேறும் யேசெர்னித்சா சுமார் 100 மீட்டர் மட்டுமே ஓடும் குட்டி ஆறு. அது மோஸ்த்னித்சா ஆற்றுடன் சேர்ந்ததும் சாவா போஹின்கா என்று பெயர் மாறி, பிறகு சாவா ஆறாகி, பெல்கிரேடில் டான்யூபுடன் கலந்து, கருங்கடல் வரைக்கும் போகிறது.

மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏட்ரியாடிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்த மலைகளில்தான். ஐரோப்பாவில் அதிகம் மழை பெறும் பகுதிகளில் இதுவும் ஒன்று. மழை வந்தால் பயணம் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள், அன்றைக்கு ஊர்களைப் பாருங்கள். ஸ்துதோர் என்ற சிற்றூரின் ஓரத்தில், கூரை போட்ட இரட்டை மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கும். தரையில் போட்டால் புல் காயாமல் அழுகிவிடும் என்பதால், வெட்டிய புல்லை அந்தச் சட்டங்களில் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்துவார்கள். மேலே பரண், கீழே வண்டி நிறுத்த இடம். அந்த ஊர்க்காரர்கள் மழையோடு வாழக் கற்றுக்கொண்ட கதை முழுவதும் அந்த மரச்சட்டத்தில் இருக்கிறது. நான் அங்கே பார்த்த கட்டடங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது எந்தத் தேவாலயமும் இல்லை, இந்தப் புல் உலர்த்தும் சட்டங்கள்தான்.

பக்கத்து ஊரான ஸ்தாரா ஃபூஷினாவில், பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் மேய்ச்சல் வாழ்க்கை பற்றிய சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மலையேறுங்கள், பாதை புரியும். குளிர்காலம் முடிந்ததும் மாடுகள் முதலில் தாழ்வான மேய்ச்சல் நிலத்துக்குப் போகும். புல் மேலே மேலே முளைக்க முளைக்க மாடுகளும் ஏறும். கோடை முற்றியதும் அதே வழியில் படிப்படியாக இறங்கும். முதுகில் வெள்ளைக் கோடு போட்ட செம்பழுப்பு மாடுகளைக் கண்டால் அவை சீகா, ஸ்லோவேனியாவின் நாட்டு மாட்டினம். செப்டம்பரில் மாடுகள் இறங்கிவருவதை ஏரியின் மேற்கு முனையில் உள்ள உக்கான்ஸில் விழாவாகவே கொண்டாடுகிறார்கள். நீங்கள் நடக்கும் மலைப்பாதைகளில் பல, இப்படி மாடும் மேய்ப்பரும் போட்டு வைத்தவை. ஸ்தாரா ஃபூஷினாவிலிருந்து மோஸ்த்னித்சா பள்ளத்தாக்கு வழியாக வோயே வரை போவது எளிது, குழந்தைகளும் நடப்பார்கள். நல்ல ஏற்றம் பழகியவர்கள் பிளாத்தோ மேய்ச்சல் நிலத்திலிருந்து ஏறி, 1,400 மீட்டருக்கு மேல் ஒரு சிறு ஏரியின் கரையில் இருக்கும் மலைக்குடிலுக்குப் போய் ஒரு பொழுது உட்காரலாம். பாதை முழுவதும் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி வரைந்திருக்கும், அதைப் பார்த்துப் போனால் போதும். ஏற முடியாதவர்களை வோகெல் கேபிள் கார் 1,535 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். அங்கிருந்து பார்த்தால் முழு ஏரியும், வானம் தெளிவாக இருந்தால் 2,864 மீட்டர் உயர திரிக்லாவ் சிகரமும் தெரியும்.

அந்தச் சிகரத்தில் ஏறலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இந்தப் பயணத்தில் வேண்டாம். கடைசிப் பகுதியில் இரும்புக் கம்பியைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டும். ஹெல்மெட், இடுப்புப் பட்டை, பழக்கம் எல்லாம் தேவை. சவித்சாவிலிருந்து கறுப்பு ஏரிக்கு நேராக ஏறும் கொமார்ச்சா பாதையும் செங்குத்தானது. ஈரமாக இருக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். காலையில் சீக்கிரம் கிளம்பி மதியத்துக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். அவசர உதவிக்கு 112.

எப்போது போவது? காட்டுப்பூக்களுக்கு மே கடைசியும் ஜூனும், கூட்டமில்லாத தெளிந்த நாட்களுக்கு செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் தாங்காது. மலைக்குடில்கள் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும். அங்கே இரவு தங்கினால் மெல்லிய படுக்கை உறை கையோடு வேண்டும். பூங்காவுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் போடுவதும், வண்டியிலேயே தூங்குவதும் சட்டப்படி தப்பு.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. சைவக்காரர்கள் யோத்தா என்ற சூப்பைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும்தான், ஆனால் பன்றியிறைச்சி சேர்ப்பது வழக்கம். ஷ்கன்சி என்று சோள மாவிலோ பக்வீட் என்ற தானியத்தின் மாவிலோ கிளறித் தருவார்கள். புளித்த பாலோடு கேளுங்கள், நம் ஊர்க் களியும் மோரும் மாதிரியே இருக்கும். மேலே கொழுப்பில் வறுத்த இறைச்சித் துண்டு போடாமல் தரச் சொல்லிவிடுங்கள். மோஹன்ட் என்ற பாலாடைக்கட்டி போஹினுக்கே உரியது, புவிசார் பாதுகாப்புப் பெற்றது. வாசனை கடுமையாக இருக்கும், எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் போக்குவரத்து. தலைநகர் லியூப்லியானாவிலிருந்து நேரடிப் பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். ரயில் என்றால் யேசெனித்சேயில் மாறி, போஹின்ஸ்கா பிஸ்த்ரித்சாவில் இறங்கி, மீதி 6 கிலோமீட்டருக்கு உள்ளூர்ப் பேருந்து. திரும்பும்போது வந்த வழியே போகாதீர்கள். அதே ரயில்பாதையில் தெற்கே போங்கள். 1906இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு திறந்த தடம் அது. ஊரைத் தாண்டியதும் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம் வரும். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை கருங்கடலுக்குப் போகும், அந்தப் பக்கம் பெய்வது சோச்சா ஆறு வழியாக ஏட்ரியாடிக்குக்கு. நீங்கள் இறங்க வேண்டிய இடம் நோவா கோரித்சா. நிலையத்துக்கு எதிரில் உள்ள சதுக்கத்தின் நடுவே இத்தாலி எல்லை போகிறது. உங்கள் ஷெங்கன் விசாவே அங்கும் செல்லும், எல்லைக்கு அப்பால் உள்ள கோரிட்ஸியா நிலையத்தில் வெனிஸுக்கு ரயில் கிடைக்கும்.