எடை கூட்ட என்ன வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 24 வயது. உயரம் 176 செ.மீ., எடை 54 கிலோ. ஜிம்மில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. பயிற்சியாளர் சொன்னதால் எடை கூட்டும் பவுடரான மாஸ் கெயினர் 5 கிலோ பை ஒன்று வாங்கினேன். ஒரு வேளைக்கு 1250 கலோரி, 50 கிராம் புரதம் என்று அதில் போட்டிருக்கிறது. மூன்று வாரம் குடித்தும் அரைக் கிலோகூட ஏறவில்லை. காலையில் அதைக் குடித்தால் மதியம் வரை பசிப்பதே இல்லை, வயிறும் உப்பிக்கொள்கிறது. பையில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. வேறு எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: வேறு பிராண்ட் வேண்டாம். ஒரு மாதத்துக்குப் புதிதாக எந்தப் பவுடரும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பையின் பின்புறம் ‘ஒரு வேளை’ என்பதற்கு எதிரே எத்தனை கிராம் என்று பாருங்கள். 1250 கலோரி என்று போடும் பவுடர்களில் அது 300 கிராமைத் தாண்டியிருக்கும். 330 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5 கிலோ பை 15 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். உங்களிடம் மூன்று வாரம் கழித்தும் பாதிக்கு மேல் இருக்கிறது. நீங்கள் குடித்தது நாளுக்கு 120 கிராமுக்கும் குறைவு, அதாவது 450 கலோரிக்குள். சரி, அதாவது கூடுதலாகச் சேர்ந்ததா? காலையில் குடித்தால் மதியம் வரை பசிப்பதில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் காலை உணவில் பெரும்பகுதி போயிருக்கும். ஒரு கையால் போட்டதை இன்னொரு கையால் எடுத்துவிட்டீர்கள். எடை ஏறாததில் ஆச்சரியம் இல்லை, உங்கள் உடம்பில் கோளாறு என்று இதை வைத்து முடிவுகட்டவும் வேண்டாம்.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். உட்பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். பெரும்பாலான கெயினர்களில் முதல் பெயர் மால்ட்டோடெக்ஸ்ட்ரின். சோளம் போன்றவற்றின் மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் தூள் அது. சர்க்கரை அளவுக்கு இனிப்பு இருக்காது, ஆனால் சர்க்கரையைப் போலவே வேகமாக ரத்தத்தில் ஏறும். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி. 250 கிராம் மாவுச்சத்து என்றால் 1000 கலோரி, 50 கிராம் புரதம் என்றால் 200 கலோரி, மிச்சம் கொஞ்சம் கொழுப்பு. 1250 வந்துவிட்டது. நீங்கள் பணம் கொடுத்துத் தூக்கி வந்த 5 கிலோவில் நாலு பங்குக்கு மூன்று பங்கு மாவுச்சத்து. மாவுச்சத்து உலகத்தில் எந்தச் சமையலறையிலும் மலிவாகக் கிடைக்கும் பொருள். கெயினர் மோசடி என்று நான் சொல்லவில்லை. கலக்கிக் குடிக்கும் வசதிக்குத்தான் அந்த விலை. அதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

வயிறு உப்புவதற்குப் பால் சர்க்கரையான லாக்டோஸ் காரணமாக இருக்கலாம். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதத் தூளான வே கான்சன்ட்ரேட் சேர்த்த பவுடர்களில் அது இருக்கும். வெறும் பால் குடித்தாலும் இப்படித்தான் ஆகிறதா என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் தேவை. உங்கள் வயது, உயரம், எடைக்கு, ஓரளவு நடமாட்டமும் ஜிம்மும் சேர்த்து, இருக்கிற எடை அப்படியே நிற்க நாளுக்குச் சுமார் 2300 முதல் 2400 கலோரி வேண்டும். ஏற வேண்டுமானால் அதற்கு மேல் 300 முதல் 500 வரை. ஆக 2700, 2800 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் நல்ல வேகம். அதைவிட வேகமாக ஏறினால் கூடுதலாக ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்கு 86 கிராம். இந்த 1.6 வாய்க்கு வந்த எண் அல்ல. எடைப் பயிற்சி செய்வோர் மீதான 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த பகுப்பாய்வில், சராசரியாக இந்த அளவுக்கு மேல் புரதம் கூட்டியதால் தசை கூடுதலாக வளரவில்லை என்று தெரிந்தது.

எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘எவ்வளவு’ எத்தனை என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டது நினைவில் நிற்கும், அவசரத்தில் விட்டுப்போன காலை வேளைகள் நிற்காது. இதற்காகப் பணம் செலவழித்து வாங்கத்தக்க பொருள் ஒன்று உண்டு: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. மலிவான மாதிரியே போதும். ஒரு வாரம் எடை போட்டுச் சாப்பிட்டால் அப்புறம் கண்ணாலேயே அளவு தெரிந்துவிடும். உடம்பை எடை பார்க்கும் தராசில் கொழுப்பு சதவீதம், தசை சதவீதம் எல்லாம் காட்டும் வகைக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். அது மெல்லிய மின்சாரத்தை உடம்பில் செலுத்திக் கணிப்பது, அன்று குடித்த தண்ணீரைப் பொறுத்தே எண் மாறும். காலையில் கழிப்பறை போய் வந்ததும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒருவேளை எழுதிப் பார்த்த பிறகு உண்மையிலேயே நிறைய சாப்பிடுவதாகத் தெரிந்தால்? அதுவும் நடக்கும். 1999இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1000 கலோரி கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூடச் சேரவில்லை, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல் சேர்ந்தது. சேராதவர்களின் உடம்பு, தங்களை அறியாமலே அதிகம் அசைந்து அந்தக் கலோரியை எரித்திருந்தது. உடற்பயிற்சி அல்ல, உட்காருவது, எழுவது, நடப்பது, காலாட்டுவது போன்ற அன்றாட அசைவுகள். நீங்கள் அந்த ரகமாக இருந்தால் இலக்கை இன்னும் 200, 300 கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒல்லியாக இருப்பவரைப் பார்த்து ‘நல்லா சாப்பிடு’ என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். பசியே இல்லாமல் ஒரு தட்டை முடிப்பது எத்தனை பாடு என்பது சாப்பிடுபவருக்குத்தான் தெரியும். ஆகவே தட்டைப் பெரிதாக்காமல் கலோரியை ஏற்றும் வழியைப் பாருங்கள். கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சாப்பாட்டில் ஒரு மேசைக் கரண்டி எண்ணெய் கூடுதலாகச் சேர்ந்தால் 120 கலோரி, வயிற்றுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு கைப்பிடி, 30 கிராம், வேர்க்கடலை 170 கலோரி. சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பாதீர்கள். மூன்று பெரிய வேளைகளுக்குப் பதில் ஐந்து சிறிய வேளைகள் வையுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதுவும் பசியைக் கொல்லும்.

மென்று தின்பதைவிடக் குடிப்பது வயிற்றுக்குப் பாரம் குறைவு. கொழுப்பு நீக்காத பால் 400 மி.லி., பொடித்த ஓட்ஸ் 60 கிராம், வேர்க்கடலை வெண்ணெய் 40 கிராம், ஒரு வாழைப்பழம். மிக்ஸியில் அடித்தால் சுமார் 800 கலோரியும் 30 கிராம் புரதமும் கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் லாக்டோஸ் நீக்கிய பாலில் செய்யுங்கள். ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம், பாதி காலை உணவுக்குப் பிறகு, பாதி படுக்கும் முன். ‘பிறகு’ என்பதுதான் முக்கியம். முன்னால் குடித்தால் பழைய கதைதான்.

மீதமுள்ள பையைத் தூக்கிப் போடாதீர்கள். 40, 50 கிராம் அளவில் உணவுக்குப் பிறகோ ஜிம் முடிந்த பிறகோ கலந்து தீர்த்துவிடுங்கள். ஈரமான ஸ்கூப்பை (அளவுக் கரண்டியை) உள்ளே விடாதீர்கள். வயிறு தொடர்ந்து தொந்தரவு செய்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள். இனிமேல் எந்தப் பவுடர் வாங்கினாலும் முதலில் சிறிய பொட்டலம். பிரித்த பையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வது அரிது.

இன்னொன்று, இது விளையாட்டல்ல. உங்கள் உடல் நிறை குறியீடு 17.4. 18.5க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. முன்பு இதைவிட அதிக எடை இருந்து, முயற்சி செய்யாமலே கடந்த ஓராண்டில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இறங்கவில்லை என்றாலும் தைராய்டு, சர்க்கரை, காசநோய், குடல் சரியாக உறிஞ்சுகிறதா என்பதை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பரிசோதனைக்குச் செலவழிப்பது இரண்டாவது பைக்குச் செலவழிப்பதைவிட மேல்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மிகவும் ஒல்லி. பசி எடுக்க ஒரு சிரப்பும், ‘பத்து நாளில் எடை கூடும்’ என்ற மாத்திரையும் தெரிந்தவர் ஒருவர் வாங்கித் தந்தார். மாத்திரை டப்பாவில் மூலிகை என்று மட்டும் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா, இரண்டையும்.

பசிக்கான சிரப்புகள் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டாடின். அது ஒவ்வாமைக்கான பழைய மருந்து. பசி கூடுவது அதன் பக்க விளைவு, தூக்கம் வருவது இன்னொரு பக்க விளைவு. மருத்துவர்கள் சிலருக்கு இதை அளந்து எழுதித் தருவதுண்டு. தெரிந்தவர் கையிலிருந்து வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம். பையன் வகுப்பில் தூங்கி வழிவான், வண்டி ஓட்டினால் ஆபத்து, சிரப்பை நிறுத்தினால் பசியும் பழைய நிலைக்குப் போய்விடும்.

மாத்திரைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பெயர் சொல்லாத எடை மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது. அதைத் தின்றால் கன்னம் உப்பும், எடைக் கருவியில் எண் ஏறும், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஏறியது தண்ணீரும் கொழுப்பும். தசை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும், ரத்தச் சர்க்கரை ஏறலாம், எலும்பு பலவீனமாகும். பல வாரம் தின்றுவிட்டுத் திடீரென நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்காமல் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் நீங்களாகவே நிறுத்திவிடாமல், டப்பாவை எடுத்துக்கொண்டு இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உட்பொருள் பெயரும் அளவும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. 17 வயதில் உயரம்கூட இன்னும் முடியாமல் இருக்கலாம், சதை அதற்குப் பின்னால்தான் வரும். வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தில் எங்கே இருக்கிறான் என்று மருத்துவர் சொல்வார். சாப்பாட்டைக் கண்டாலே ஒதுங்குகிறானா, சாப்பிட்டதும் கழிப்பறைக்குப் போய்விடுகிறானா என்பதை மட்டும் அன்போடு கவனியுங்கள். அப்படி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புரத டப்பாவில் ‘ஒரு ஸ்கூப்பில் 24 கிராம்’ என்று இருக்கிறது. அதை எப்படி நம்புவது? விலைகளை எப்படி ஒப்பிடுவது?

பதில்: ஒப்பிடுவது சுலபம். டப்பாவில் எத்தனை ஸ்கூப், ஒன்றில் எத்தனை கிராம் புரதம், இரண்டையும் பெருக்கி, விலையை அந்த எண்ணால் வகுங்கள். ஒரு கிராம் புரதத்தின் விலை வந்துவிடும். முட்டைக்கும் (ஒன்றில் சுமார் 6 கிராம்), பாலுக்கும் (100 மி.லி.யில் சுமார் 3.2 கிராம்) இதே கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். ‘பாலுடன் கலந்தால் 32 கிராம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் கூடுதலாகத் தெரியும் 8 கிராம் உங்கள் பாலுடையது.

நம்புவதுதான் சிரமம். புரதத்தை அளக்கும் வழக்கமான முறை, 1883இல் டென்மார்க்கின் யோஹான் கெல்டால் தந்தது. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. சீனாவில் 2008இல் குழந்தைகள் பால் பவுடரில், நைட்ரஜன் நிறைந்த தொழிற்சாலை ரசாயனமான மெலமைனைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். புரத டப்பாக்களில் அந்த அளவு விஷம் இல்லை என்றாலும், நைட்ரஜன் உள்ள மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைச் சேர்த்துப் புரத எண்ணை உயர்த்துவது உண்டு. உட்பொருள் பட்டியலில் இவை தனியாகத் தலைகாட்டினால், அல்லது அளவு சொல்லாமல் ‘சிறப்புக் கலவை’ என்று இருந்தால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முத்திரைகளிலும் வித்தியாசம் உண்டு. இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை, விளையாட்டில் தடை செய்யப்பட்ட மருந்துகள் கலந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. டப்பாவில் உள்ள தொகுதி (பேட்ச்) எண்ணை அவர்கள் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். என்எஸ்எஃப் நிறுவனத்தின் விளையாட்டுச் சான்றிதழ், தடை மருந்துகளோடு லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறதா என்பதையும் பார்க்கிறது.

கேள்வி: கிரியாட்டின், பிசிஏஏ இரண்டும் வாங்கச் சொல்கிறார்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

பதில்: கிரியாட்டின் மோனோஹைட்ரேட். கிரியாட்டின் என்பது தசைக்கு உடனடி ஆற்றல் கிடைக்க உதவும் பொருள். வேறு பெயர் ஒட்டிய விலையுயர்ந்த வகைகள் வேண்டாம். நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறினால் அது தசைக்குள் சேரும் தண்ணீர், கொழுப்பென்று பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உதவும் ‘கிரியாட்டினின்’ அளவு கொஞ்சம் உயர்ந்து தெரியலாம் என்பதால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பிசிஏஏ என்பது மூன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் துண்டுகள், போதுமான புரதம் சாப்பிடுபவருக்கு அவை ஏற்கெனவே சாப்பாட்டில் வந்துவிடுகின்றன. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.