ஊழியத்துக்கு முன் ஊசி

கேள்வி: சபையிலிருந்து உகாண்டாவின் கம்பாலாவில் உள்ள தெருக்குழந்தைகள் காப்பகத்துக்கு மூன்று வார ஊழியத்துக்குப் போகிறோம். என்ன தயாரிப்பு வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

உங்கள் மேல் குற்ற வழக்கு இல்லை என்று காட்டும் போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பியுங்கள். காப்பகம் அதைக் கேட்கவே இல்லையா? அங்கே யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று அர்த்தம், போகாதீர்கள். அரசு அனுமதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

‘அநாதை’ என்று காட்டப்படும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருப்பார்கள். மூன்று வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுக் கிளம்பினால், ஏங்கிப்போவது பிள்ளைதான். சமையல், பெயிண்ட் வேலை, ஊழியர்களுக்கு முதலுதவிப் பயிற்சி என்று வேறு வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். முகம் தெரியும் படங்கள் ஃபேஸ்புக்கில் வேண்டாம், சபை அறிக்கையிலும்தான்.