பனியன் பிரிண்டிங் தெரிந்த பெண், பதிப்போவியம் படிக்கலாமா?

திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் நடத்தும் தந்தை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிளஸ் டூ படிக்கும் என் மகள் கல்லூரியில் பதிப்போவியம் (பிரிண்ட்மேக்கிங், அச்சிட்டுப் படம் உருவாக்கும் கலை) படிக்க வேண்டும் என்கிறாள். பனியனில் நாங்கள் அன்றாடம் அடிப்பதும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தானே. அதை நான்கு ஆண்டுகள் படிப்பதில் என்ன பயன்? எங்கே சேர்ப்பது?"

உங்கள் மகளுக்கு இப்போதே தெரிந்திருப்பது சிறிதல்ல. மெஷ்ஷில் எமல்ஷன் பூசி எக்ஸ்போஸ் செய்வதையும், நிறத்துக்கொரு ஸ்கிரீன் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று விலகாமல் அடிப்பதையும் மற்ற மாணவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்கு வந்த பிறகே தொடுவார்கள். ஆனால் ஸ்கிரீன் பிரிண்டிங், பதிப்போவியத்தின் நான்கு பெரும் முறைகளில் ஒன்றுதான். மரத்தையோ லினோலியத்தையோ செதுக்கி அச்சிடுவது, உலோகத் தகட்டில் பள்ளக் கோடிட்டு அச்சிடுவது, சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து எடுக்கும் கல்லச்சு ஆகியவை மற்ற மூன்று.

உலோகத் தகட்டு முறைகளில் ஒன்றான எட்சிங்கையே பாருங்கள். துத்தநாகத் தகட்டின்மேல் அமிலம் தாக்காத பூச்சைத் தடவி, அதில் ஊசியால் கீறி வரைந்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிபட்டுப் பள்ளமாகும். இட்டு வைக்கும் நேரம் கூடக்கூடக் கோடு ஆழமாகி, அச்சில் கருமை ஏறும். பிறகு பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையைத் திணித்து, மேற்பரப்பைத் துணியாலும் இறுதியில் உள்ளங்கையாலும் துடைத்து, நனைத்து ஒற்றியெடுத்த தாளை மேலே வைத்து பிரஸ்ஸின் உருளைகளுக்கிடையே செலுத்த வேண்டும். படம் இடவலம் மாறி விழும். விரலால் தடவினால் கோடு மேடாகத் தட்டுப்படும். யூனிட்டில் எல்லாப் பனியனும் ஒன்றுபோல் வருவதே இலக்கு. இங்கோ சோதனைப் பிரதி எடுத்துப் பார்த்து, தகட்டையே திரும்பத் திரும்ப மாற்றி, படத்தைக் கண்டடைவதுதான் படிப்பு. நான்கு ஆண்டுகள் அதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது, 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. சேர்க்கையில் கைவரைதல் சோதிக்கப்படும் என்பதால், கணினியில் டிசைன் செய்யும் நேரத்தில் ஒரு பகுதியை இன்றே பென்சிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். முதுகலைக்குச் சாந்திநிகேதனின் கலாபவனம் (பதிப்போவியர் சோம்நாத் ஹோர் துறைத்தலைவராக இருந்த இடம்), பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றை நினைவில் வையுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் விண்ணப்பிக்கும் முன் பட்டறையை நேரில் பாருங்கள். பிரஸ் ஓடுகிறதா, வகுப்பு நேரம் முடிந்தபின் மாணவர்கள் அங்கே வேலை செய்யலாமா, அமில அறையில் புகையை வெளியேற்றும் வசதி உண்டா என்று மாணவர்களிடமே கேளுங்கள். கடைசிக் கேள்வியில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். உங்கள் குழந்தை அந்தக் காற்றைத்தான் ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கப் போகிறாள்.

பிரதிகளை விற்று மட்டுமே வாழ்வதற்கு நீண்ட காலம் பிடிக்கும். ஆசிரியப் பணியும் ஜவுளி டிசைன் வேலையும் இடையில் கைகொடுக்கும். படிப்பு முடித்துப் பலர் கலையைக் கைவிடுவதற்குக் காரணம், வீட்டில் பிரஸ் இல்லாததுதான். சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதமி மண்டல மையத்தின் பட்டறை ஒரு வழி. எட்சிங் பிரஸ் என்பது அடிப்படையில் இரண்டு எஃகு உருளைகளும் நகரும் மேசையும்தான். சரியான வரைபடம் கொடுத்தால் கோவையின் லேத் பட்டறைகளுக்கு எட்டாத வேலையல்ல. நான்காம் ஆண்டிலேயே அதற்கான பணத்தை ஒதுக்கி, உங்கள் யூனிட்டில் ஒரு மூலையையும் அவளுக்கு விட்டுவையுங்கள்.