சைக்கிளும் கையுமாகத் திரிகிற மகனுக்கு வேலை இருக்கா?

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மகன் உயர்தரத்தில் கலைப்பிரிவு, வரலாற்றில் நல்ல பெறுபேறு, சைக்கிள் ஓட்டத்தில் மாவட்ட மட்டம் வரை போனவன், இப்போது சுற்றுலாவையும் விளையாட்டையும் சேர்த்துத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நீங்களோ ஏதாவது ஒரு அரசாங்க வேலை கிடைத்தால் போதும் என்று நேர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி. அவன் சொல்வது விசர்க்கதை இல்லை.

தெற்கே காலி நகரத்தைப் பாருங்கள். அந்தக் கோட்டை 1988 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, டெஸ்ட் மைதானம் அதன் மதிலடியிலேயே இருக்கிறது. மேட்ச் பார்க்க வருகிறவன் பின்னேரம் கோட்டைக்குள் நடந்து, அங்கேயே சாப்பிட்டுத் தங்குகிறான். கம்போடியாவில் அங்கோர் வாட் கோயில்களைச் சுற்றி 1996 இலிருந்து அரை மரதன் ஓடுகிறார்கள், அது தொடங்கியதே மிதிவெடியில் கை கால் இழந்தவர்களுக்கு உதவத்தான். வன்னியில் இருக்கிற நமக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி நம்முடைய பக்கம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குக் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், அதற்குக் கிட்ட கற்சிலைமடு, அப்புறம் முள்ளியவளை, சற்று விலகினால் வற்றாப்பளை அம்மன் கோயில், முடிவில் கடல். கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் நட்ட கல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் ட்ரிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் இதே வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் என்பதை அந்தக் கல்லா சொல்லும்? அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சைக்கிள் மிதிக்க எத்தனையோ பெடியன்கள் இருக்கிறார்கள், இறங்கி நின்று கதை சொல்லத்தான் ஆளில்லை. உங்கள் மகனுடைய வேலை அங்கேதான் இருக்கிறது.

எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதும் அவனுக்குத் தெரியவேண்டும். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீரில் விளக்கெரிப்பது நேர்த்திக்காரரின் விஷயம், அதற்கு டிக்கெட் போட்டால் ஊர் விடாது, விடவும் கூடாது. மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியைக் காட்டலாம், ஆனால் மாட்டுக்குக் குத்தி இரத்தம் வருவதைப் பார்த்த வெளியூர்க்காரன் மறுபடி வரமாட்டான் (நானும் போகமாட்டேன்). மிதிவெடிப் பலகை நிற்கிற காட்டுப்பாதைக்குள் எவ்வளவு கேட்டாலும் ஆளைக் கூட்டிப்போகக் கூடாது.

படிப்பு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் சுற்றுலா முகாமைத்துவமும் உண்டு, விளையாட்டு விஞ்ஞானமும் உண்டு. அவனுடைய பாடங்களும், அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியும் எதற்குப் பொருந்தும் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்து நானும் அவனும் இருந்து பார்ப்போம். கிடைக்காவிட்டால் குடி முழுகாது. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, நாடு முழுவதற்கும் வேறு, ஒரு பிரதேசத்துக்கு மட்டும் வேறு. அவன் பிரதேச வழிகாட்டியாகத் தொடங்கலாம். அதோடு முதலுதவி, சைக்கிள் திருத்தம், பேசுகிற அளவுக்குச் சிங்களமும் ஆங்கிலமும். பெரிய பெயர் போட்ட டிப்ளோமாவுக்கு இலட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் தயவுசெய்து என்னோடு ஒரு தரம் கதையுங்கள்.

பயமும் நியாயம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே ஒருவரும் சைக்கிளில் வரமாட்டார்கள், அந்த மாதங்களுக்கு வயலோ ரியூசனோ கையில் இருக்கவேண்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யட்டும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிற மூன்று கூட்டாளிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாதையால் கூட்டிக்கொண்டு போகட்டும். யார் எங்கே களைத்தார்கள், எந்த இடத்தில் கதையைக் கேட்டார்கள், எங்கே போனை நோண்டினார்கள், சோறும் சோடாவும் யாருடைய கடையில் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பியோடு அடுத்த கிழமை என்னிடம் அனுப்பிவிடுங்கள்.