இரண்டு கேமரா, ஒரே நெபுலா: கேள்வி பதில்

கேள்வி: கேனான் 600டி-யில் நான் எடுத்த ஓரியன் நெபுலா (எம்42 என்ற வாயு மேகம்) படங்களும், நண்பர் தன் வானியல் கலர் கேமராவில் எடுத்தவையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஸ்டாக் செய்யலாமா (அடுக்கி ஒரே படமாக்கலாமா)?

பதில்: வேண்டாம். டார்க் (மூடியோடு எடுப்பது), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுப்பது), பயாஸ் (மூடியோடு மிகக் குறைந்த நேரம் எடுப்பது) ஆகிய திருத்தப் படங்கள் எல்லாம் அந்தந்தக் கேமராவுக்கே சொந்தம். அவருடைய ஃபிளாட்டில் உள்ள தூசி நிழல் உங்கள் படத்தில் கிடையாது. அதை வைத்துத் திருத்தினால், ஒன்றுமில்லாத இடத்தில் வெளிச்ச வளையம் முளைக்கும். தனித்தனியாகத் திருத்தி, தனித்தனியாக ஸ்டாக் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் கிரேடியண்டை (வானப் பின்னணியின் சீரற்ற வெளிச்சத்தை) நீக்கி நிறத்தையும் சரிசெய்த பிறகு, இரண்டு மாஸ்டர்களையும் (ஸ்டாக் செய்து கிடைத்த படங்களை) சேருங்கள். ஸ்ட்ரெட்ச் (மங்கலானதை வெளிச்சமாக்கிக் காட்டுவது) அதற்கும் அப்புறம்தான்.

கேள்வி: பிக்சல் அளவு வேறு, டெலஸ்கோப்பும் வேறு. பொருந்துமா?

பதில்: பொருந்தும். பிக்சல் அளவை (மைக்ரான்) 206.265-ஆல் பெருக்கி, குவியத்தொலைவால் (மி.மீ.) வகுத்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) என்று கிடைக்கும். 600டி-யின் 4.3 மைக்ரான், 400 மி.மீ. லென்ஸில் 2.2 வரும், வானியல் கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான் என்றால், 530 மி.மீ. டெலஸ்கோப்பில் 1.46. சிரில், பிக்ஸ்இன்சைட் என்ற சாஃப்ட்வேர்கள் இரண்டும் நட்சத்திரங்களை வைத்தே அளவையும் சுழற்சியையும் பொருத்திவிடும். நுணுக்கமான (எண் சிறியதாக வரும்) படத்தை ரெஃபரன்ஸாக வையுங்கள்.

கேள்வி: என் டிஎஸ்எல்ஆரில் ஹார்ஸ்ஹெட் நெபுலாவுக்குப் பின்னால் சிவப்பே வரவில்லை.

பதில்: மாற்றம் செய்யாத கேமராவின் உள்ளே இருக்கும் ஃபில்டர், 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமரா வைத்திருப்பவரிடம் ஹெச்-ஆல்ஃபா படம் கேட்டு வாங்கி, சிவப்பு சானலில் கலந்துகொள்ளுங்கள். ஸ்ட்ரெட்சுக்கு முன்பாக.

கேள்வி: நல்ல கேமராவில் நிறைய எடுத்திருக்கிறேன், பழையதில் கொஞ்சம். ஒளி ஒளிதானே, சேர்த்தால் லாபம்தானே?

பதில்: எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல படத்தின் சிக்னல்-இரைச்சல் விகிதம் (கூடினால் படம் தெளிவு) 30, மற்றதில் 10 என்று வைத்துக்கொள்வோம். சிக்னலைச் சமப்படுத்திவிட்டு வெறும் சராசரி எடுத்தால் விகிதம் ஏறக்குறைய 19. கையில் இருந்த 30-ஐயும் கெடுத்துக்கொண்டீர்கள்! இரைச்சலின் வர்க்கத்துக்குத் தலைகீழாக, அதாவது 9:1 என எடை கொடுத்தால் 31.6 வரும். லாபம் சுமார் 5 சதவீதம்.

அதே நபர்: எடையை சாஃப்ட்வேரே போட்டுவிடுமே?

பதில்: போடும், ஆனால் ஏமாறும். பெரிய பிக்சல் படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து, இரைச்சல் வழவழப்பாகிவிடுகிறது. உண்மையில் அது குறையவில்லை, அளக்கும்போதுதான் குறைவாகத் தெரிகிறது. மோசமான படத்துக்கு எடை கூடிவிடும். பெரிதாக்குவதற்கு முன்பே அளந்து, எடையை நீங்களே கொடுங்கள்.

இன்னொருவர்: 5 சதவீதத்துக்கு ஏன் இந்தப் பாடு? பழையதைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

பதில்: அவர் கணக்குக்கு நானும் அதையேதான் செய்வேன். இரண்டும் 30 என்றால் கதை வேறு: 42 கிடைக்கும், படுகிற பாட்டுக்குப் பலன் உண்டு.

பழைய கேமராக்காரர்: மேகமூட்டத்துக்கு நடுவே பிடித்த ஃபோட்டான்கள் சார், தூக்கிப் போட மனசு வரவில்லை.

பதில்: சரி, 9:1-இல் சேருங்கள். மனசுக்கு எடை கொடுக்கும் ஆப்ஷன் சிரிலில் இல்லை.

கேள்வி: இரண்டு கேமராவுக்கும் ஒரே டார்க் போதுமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஜேபெக் படங்களைச் சேர்க்கலாமா?

பதில்: ஜேபெக் என்றாலே கேமரா ஏற்கெனவே ஸ்ட்ரெட்ச் செய்துவிட்டது என்று பொருள். ஸ்ட்ரெட்சுக்கு முன்பே சேர்க்க வேண்டும் என்று மேலே எத்தனை தடவை சொல்லிவிட்டேன்!

கேள்வி: எந்த மவுண்ட் (டெலஸ்கோப் தாங்கி) வாங்கலாம்?

பதில்: அது வேறு நாள்.

கேள்வி: சேர்த்த படத்தில் நட்சத்திரங்கள் ஊதித் தெரிகின்றன.

பதில்: ஒரு படம் கூர்மை, இன்னொன்று மங்கல், சராசரியில் மங்கலும் வந்து ஒட்டிக்கொள்ளும். கூர்மையானதை மட்டும் லூமினன்ஸாக (வெளிச்ச விவரமாக) வைத்து, மற்றதிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.