ஒரே ஒரு கடைவாய்ப்பல்

அன்புள்ள ஐயா,

கார்மெருங்குலேட்டம் என்ற பழங்காலப் பாலூட்டி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கிடைத்தது ஒரே ஒரு பல். அதை வைத்துக் குளம்புள்ள விலங்குகளின் மூதாதை என்கிறார்கள். குளம்பே கிடைக்காமல் இப்படிச் சொல்லலாமா? நம் பவானிக் கரையில் தேடினால் ஏதாவது கிடைக்குமா என்று என் மகள் கேட்கிறாள்.

– ஒரு வாசகர், கோபி

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க வேண்டிய கேள்விதான். மத்தியப் பிரதேசத்தில் திண்டோரி மாவட்டத்து கிசல்புரியில் கிடைத்தது கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றுதான். புதைபடிவ ஆய்வாளர் ஜி.வி.ஆர். பிரசாத்தும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் அதை அறிவித்தார்கள். டைனோசர்கள் இருந்த காலத்துப் பல் அது.

சின்ன வயதில் கன்னபுரம் சந்தையில் என் அப்புச்சி காளை பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடைவாயில் கட்டைவிரலைக் கொடுத்துக் கீழுதட்டை இறக்குவார். "நாலு பல்லு. மூணு வயசு இருக்குமுங்க" என்பார். விரலில் ஒட்டிய நுரையைத் துண்டில் துடைத்துக்கொண்டே விலை பேசப் போய்விடுவார். விற்கிறவர் சொல்லும் வயதை அவர் காதில் வாங்கியதே இல்லை.

அவர் வயதுக்காக முன்பல்லைப் பார்த்தார். ஆய்வாளர்கள் கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளத்தைப் பார்க்கிறார்கள். பூச்சி தின்னும் பிராணிக்குப் பல்முகடுகள் உயரமாக, கூராக இருக்கும். அரைத்துத் தின்னத் தொடங்கிய கூட்டத்துக்கு அவை தாழ்ந்து மழுங்கும். பின்பாதிக் குழி ஆட்டுக்கல்போல அகன்றுவிடும். மேல்பல்லின் முகடு குழவிபோல அதில் இறங்கி அரைக்கும். அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த புரோடங்குலேட்டம் என்ற, குளம்புள்ளவற்றின் பழைய உறவாகக் கருதப்பட்ட விலங்கின் பற்களும் இப்படித்தான். கிசல்புரிப் பல்லுக்கும் அந்தக் குடும்பச் சாடை இருக்கிறது. 'குளம்புள்ள' என்பது அந்தச் சாடையைப் பார்த்துச் சொன்னது, காலைப் பார்த்து அல்ல. மூதாதை என்று நான் சொல்லமாட்டேன், பழைய உறவு என்பேன். நாளை இன்னொரு பல் கிடைத்தால் இதுவும் மாறலாம்.

பல் மட்டும் ஏன் மிஞ்சுகிறது? எனாமல்தான் உடம்பிலேயே கெட்டியான பொருள். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓய்ந்திருந்த இடைவெளிகளில் ஏரி குளங்கள் உண்டாயின. அந்த மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, ஊறவைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் பொறுக்குவார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

பவானிக் கரை வேண்டாம். நம் கொங்குப் பாறை பாலூட்டிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. மகளை அரியலூருக்குக் கூட்டிப்போங்கள், கடற்சிப்பிப் படிமங்களைப் பார்க்கலாம். அப்புறம் ஆடியில் அந்தியூர் சந்தையில், மாட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மாட்டின் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்வரிசையில் முன்பல்லே இருக்காது.