கேம் ஆடும் நண்பருக்கு எந்தப் புத்தகம், எந்தப் படம்?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர். ஓ.எம்.ஆரில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை. வார இறுதியில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சேர்ந்து கேம் ஆடுவோம். நடுவில் சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி என்று பேச்சு வரும். ஆளாளுக்குப் பத்துப் பதினைந்து பெயர்களை அடுக்குவார்கள், எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அதோடு சரி, யாரும் படிப்பதுமில்லை, பார்ப்பதுமில்லை. நான் ஆசையாகக் கொடுத்த ‘ட்யூன்’ நாவலை ஒரு நண்பன் ஆரம்பத்திலேயே மூடி வைத்துவிட்டான். எங்களில் இரண்டு பேர் தமிழில் மட்டும்தான் படிப்பார்கள். உருப்படியாகப் பரிந்துரை செய்துகொள்வது எப்படி?
– வேளச்சேரி வாசகர்

பதில்: ‘ட்யூன்’ நல்ல நாவல்தான். உங்கள் நண்பரும் நல்ல வாசகராகவே இருக்கலாம். ஆனால் 1965இல் வந்த அந்த நாவல், விளக்கம் எதுவும் சொல்லாமல் ஏராளமான புதுச் சொற்களை முதல் அத்தியாயத்திலிருந்தே வாசகர்மேல் கொட்டும். அவற்றுக்குப் பொருள் சொல்லும் அகராதி புத்தகத்தின் கடைசியில்தான் இருக்கிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு அது பெரிய சுமை. டெனி வில்நவ் எடுத்த இரண்டு படங்களை (2021, 2024) முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பாலைவனமும் மனிதர்களும் மனதில் பதிந்த பிறகு நாவல் தானாகவே திறந்துகொள்ளும். படம் முதலா புத்தகம் முதலா என்ற சண்டையில் நான் பொதுவாகப் புத்தகத்தின் பக்கம் நிற்பவன். இந்த ஒன்றில் மட்டும் படத்தின் பக்கம்.

உங்கள் குழுவின் சிக்கலுக்கு வருவோம். ‘என்ன படிக்கலாம்?’ என்று யாராவது கேட்டதும் நமக்குப் பிடித்தவற்றையெல்லாம் சொல்லிவிடுகிறோம். கேட்டவருக்கு எது பிடிக்கும் என்று விசாரிப்பதே இல்லை. கேம் ஆடுகிறவர்களிடம் இதை விசாரிப்பது மிகச் சுலபம். ஒருவர் ஒரு கேமில் எதற்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், வாசகர்கள் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த வாசல் வழியாகத்தான் உள்ளே போவார். கேம் ஆடுகிறவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு வாசல் உண்டு என்பது என் கருத்து. அது விதிகள். இந்த உலகம் எப்படி இயங்குகிறது, இங்கே எதைச் செய்தால் என்ன ஆகும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்று கண்டுபிடிப்பதில் கிடைக்கும் சுகம்.

‘விட்சர் 3’ (2015) கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘ப்ளடி பாரன்’ கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். இன்னொருவருக்கு நாயகன் கெரால்ட், அவன் மகள்போல வளர்த்த சிரி இருவரின் உறவுதான் எல்லாம். மூன்றாமவர் ஸ்கெல்லிகே தீவுகளில் சும்மா படகு ஓட்டிக்கொண்டே இருப்பார். நான்காமவர் எந்த எண்ணெய், எந்த மருந்து, எந்த பில்ட் (திறமைகளையும் ஆயுதங்களையும் சேர்க்கும் விதம்) என்று கணக்குப் போடுவார், மீதி நேரத்தில் க்வென்ட் சீட்டாட்டம். ஆடுவது ஒரே கேம்தான். ஆனால் இந்த நால்வருக்கும் ஒரே புத்தகத்தைப் பரிந்துரைக்கக் கூடாது.

முதல் இருவருக்கு மூலக் கதைகளையே கொடுக்கலாம். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி 1986இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய சிறுகதையில் தொடங்கியது இந்தத் தொடர். ‘பிளட் ஆஃப் எல்வ்ஸ்’ என்ற நாவலை முதல் புத்தகம் என்று நினைத்துப் பலர் அங்கே ஆரம்பித்துத் திணறுகிறார்கள். ‘தி லாஸ்ட் விஷ்’ சிறுகதைத் தொகுப்பில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நாம் கேட்டு வளர்ந்த தேவதைக் கதைகளைப் புரட்டிப்போட்டு, ஒவ்வொன்றிலும் கெரால்டை ஒரு தர்மசங்கடத்தில் நிறுத்தும் கதைகள் அவை. அம்புலிமாமாவில் வேதாளம் விக்ரமாதித்தனிடம் கேள்வி கேட்பதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதே இல்லை.

படகு ஓட்டுகிறவருக்கு சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’ (2020). சிலைகள் நிறைந்த, முடிவே இல்லாத மண்டபங்கள், அவற்றில் கடல் புகுந்து வடியும். அங்கே வாழும் ஒருவன் எழுதும் குறிப்புகள்தான் நாவல். சிறிய புத்தகம். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ ஆடிய யாருக்கும் இதைத் தயங்காமல் கொடுக்கலாம். அந்த கேமில் ஆயுதம் வளராது, லெவல் ஏறாது, நமக்குத் தெரிந்தது மட்டும்தான் கூடிக்கொண்டே போகும். இந்த நாவலும் அப்படியே. பில்ட் கணக்குப் போடும் நண்பருக்கு பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ (2006). உலோகத் துகள்களை விழுங்கி, அவற்றை உடலுக்குள் எரித்துச் சக்தி பெறுவார்கள். இரும்பு இழுக்கும், எஃகு தள்ளும், விழுங்கியது தீர்ந்தால் சக்தியும் தீர்ந்தது. தடித்த புத்தகம்தான், ஆனாலும் விதிகளை ரசிப்பவர் கீழே வைக்க மாட்டார்.

விதிகளின் வாசலுக்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ‘ஸ்டாக்கர்’. 2007இல் வந்த முதல் கேமை ஆடியவர்களுக்கு அந்த போல்ட்டை மறக்கவே முடியாது. முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இருக்கிறதா என்று அறிய ஒரு போல்ட்டை வீச வேண்டும், அது போகும் விதத்தைப் பார்த்துவிட்டு ஓரடி வைக்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்தது அர்க்காதி, போரிஸ் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972இல் வெளியிட்ட ‘ரோட்சைட் பிக்னிக்’ நாவலிலிருந்து. அதில் நட்டுகளை வீசுவார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வந்து போன இடத்தில் அவர்கள் விட்டுச்சென்ற பொருட்களைத் திருடி விற்பவர்களின் கதை அது. கேம் அந்த இடத்தைச் செர்னோபிலுக்கு மாற்றிக்கொண்டது. நாவல் வந்தபோது செர்னோபில் அணு உலை விபத்தே நடக்கவில்லை, அது 1986. சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி இந்த நாவலை 1979இல் ‘ஸ்டாக்கர்’ என்ற படமாக எடுத்தார். மகத்தான படம், ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், மிக நிதானமாக நகரும். சனிக்கிழமை இரவு நான்கு மேட்ச் ஆடி முடித்த கையோடு அதைப் போட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நாவலைப் படித்து முடித்தவருக்கு மட்டும், ஒரு விடுமுறை நாள் காலையில் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

‘மெட்ரோ’ கேம்கள் பிடித்தவருக்கு த்மித்ரி க்ளுகோவ்ஸ்கியின் ‘மெட்ரோ 2033’. மாஸ்கோவின் சுரங்க ரயில் பாதைகளில் நடக்கும் கதை. அதைச் சென்ட்ரலுக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே, நம் மெட்ரோ ரயில் நிலத்தடியில் ஓடும் தூரத்தில் படிப்பது தனி அனுபவம்.

செத்துச் செத்துப் பிழைத்து ஆடும் கேம்களில், உதாரணத்துக்கு ‘ஹேடிஸ்’, ஊறியவர்களுக்கு, ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கால வளையக் கதைகள் கச்சிதமாகப் பொருந்தும். ஜப்பானிய எழுத்தாளர் ஹிரோஷி சகுரசாகாவின் ‘ஆல் யூ நீட் இஸ் கில்’ (2004), கேம் ஆடி, தோற்று, மறுபடி ஆடும் அனுபவத்திலிருந்தே பிறந்தது என்று அவரே பின்னுரையில் எழுதியிருக்கிறார். அதுதான் டாம் குரூஸ் நடித்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ (2014) ஆனது. இந்த வகையில் நாம் தமிழுக்கு வெளியே போகத் தேவையே இல்லை. வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) கால வளையத்தின் விதிகளைப் படிப்படியாக, குழப்பமே இல்லாமல் சொல்லித் தருகிறது. எதிராளிக்கும் அந்த விதி தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற இடத்தில் அது முழுக்க இருவர் ஆடும் ஆட்டமாகவே மாறிவிடும். அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) படத்தில் நாயகியே ஒரு கேம் டிசைனர். ஆனால் அதைச் சொல்லும்போது, வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணின் மன வேதனை அதில் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யார் எதைக் கடந்து வந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. காலப் பயணத்துக்கு ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘24’ (2016) இரண்டுமே நல்ல தொடக்கம்.

தமிழில் மட்டும் படிக்கும் இருவரை நீங்கள் கேள்வியின் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களை முன்னால் கொண்டுவாருங்கள். உங்கள் குழுவில் யாருக்கும் தெரியாத புத்தகங்களை அவர்கள்தான் கொண்டுவர முடியும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும், பெயர்கூட இரண்டெழுத்தில்தான் இருக்க வேண்டும், அப்படி ஒரு சர்வாதிகார நாடு. ஆனால் ‘மாஸ் எஃபெக்ட்’ மாதிரி கேம்களில் உடன் வரும் கூட்டாளிகளை நேசிப்பவருக்கு அந்த நாட்டை விட்டுவிட்டு, புத்தகம் படிக்கும் ரோபோ நாயான ஜீனோவைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் ‘மீண்டும் ஜீனோ’வையும் தேடிப் போவார். நம் மரபின் அறிவுத்துறைகளை வைத்து எழுதப்பட்ட கதைகள் வேண்டுமென்றால் ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு.

எதிரி கண்ணில் படாமல் பதுங்கி ஆடும் ஸ்டெல்த் கேம் பிடித்தவருக்கு என் பரிந்துரை ஒரு காமிக்ஸ். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடுதான் தொடங்கியது. மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், ஆனால் இரும்புக் கை மறையாது. இப்படி ஒரு சக்தியும் அதற்கு ஒரு பலவீனமும் கொடுத்துவிட்டால் போதும், ஸ்டெல்த் ஆடுகிறவரின் மூளை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

இனி, சொல்லும் முறை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. உங்கள் குழுவுக்கு இந்த ஒரு விதி போதும். ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒன்றே ஒன்று. பொதுவில் போடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்த கேமில் எந்த இடத்துக்காகச் சொல்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். இப்படி: “மச்சி, ஸ்டாக்கர்ல நீ போல்ட் வீசி வீசி நடப்பியே, அது இந்த நாவல்லேர்ந்து வந்ததுதான். சின்ன புக்கு, ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும். முதல் அத்தியாயம் மட்டும் படி, பிடிக்கலைன்னா விட்டுடு.”

விட்டுவிடலாம் என்று சொல்வது முக்கியம். ‘இன்னுமா முடிக்கல?’ என்று கேட்க ஆரம்பித்தால் அடுத்த பரிந்துரையை அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் மூடி வைத்தால், எந்த இடத்தில் மூடினார் என்று மட்டும் கேளுங்கள். அடுத்து எதைச் சொல்வது என்பதற்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது.

கதையை முன்கூட்டியே போட்டு உடைக்கும் ஸ்பாய்லர் விஷயத்தில் நான் கறார். கதையின் முதல் கால்பங்கில் நடப்பதை மட்டும் பொதுவில் பேசலாம். அதற்குமேல் எதுவானாலும் டிஸ்கார்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டு எழுதுங்கள். தொட்டால் மட்டுமே தெரியும். லியூ சிக்சினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’ மாதிரி நாவலில் இது இன்னும் அவசியம். அந்த நாவலுக்குள்ளேயே ஒரு விஆர் (மெய்நிகர்) கேம் வருகிறது, அதன் விதி என்ன என்று கண்டுபிடிப்பதுதான் வாசகரின் வேலையும். விடையைச் சொல்லிவிட்டால் அவருக்கு ஆட ஒன்றும் மிஞ்சாது.

எங்கே கிடைக்கும் என்பதையும் பரிந்துரையிலேயே சொல்லிவிட வேண்டும். பிடிஎஃப் அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் ராயல்டியே சொற்பம். சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவையும் நிறைய உண்டு. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் எழுத்து பொதுவுடைமை. ‘ப்ளட்போர்ன்’ கேம் ஆடியவர் தேட வேண்டிய அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1937இல் இறந்துவிட்டார், கதைகளை இணையத்தில் தாராளமாகப் படிக்கலாம். ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’ நல்ல தொடக்கம். அவர் எழுத்தில் இனவெறி உண்டு, அதையும் சொல்லியே கொடுங்கள். வாங்குவதற்கு முன் புரட்டிப் பார்க்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் இருக்கின்றன.

ஜனவரியில் பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் புத்தகக் கண்காட்சிக்கு எட்டுப் பேரும் ஒரே நாளில் போங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு புத்தகம் மட்டும் வாங்கிக் கொடுங்கள். எந்த கேமுக்காக, அதில் எந்த இடத்துக்காக அதைத் தேர்ந்தீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.